முதல் பாட்டு முடியும் வரை

"அங்க ஆள் வர்றாங்க..."

"வந்துட்டேனே!"

சொன்னவன் சிரிக்கக்கூட இல்லை. அவனுடைய நனைந்த முடியிலிருந்து ஒரு மழைத்துளி புறப்பட்டு, நெற்றியில் வழி தேடி, மூக்குக் கண்ணாடியின் விளிம்பில் வந்து ஊசலாடியது. அதைத் துடைக்க அவனிடம் கை மிச்சமில்லை. ஒன்றில் சுருட்டிய விரிப்பு. இன்னொன்றில் மடங்க மறுக்கும் குடை.

"உங்களைச் சொல்லல. வேற ஆள் வர்றாங்க. மேட் போட்டிருக்கேன் பாருங்க."

"மேட் வந்திருக்கு. ஆளைத்தான் காணோம்..."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று, முகம் முகமாகப் பார்த்து, 'இது உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்' என்று பொய்யும் மெய்யுமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இங்கேயும் ஒரு கண்ணாடிக்காரனோடு மல்லுக்கு நிற்க வேண்டுமா?

அது ஓர் இரண்டாம் மாடிக் கூடம். எதிரே ஒரு சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. பக்கத்தில் நீள ஜன்னல்கள். மாலையானால் அங்கே பாட்டுப் போட்டு, கை காலை வீசி, குதித்து, குனிந்து, வியர்த்து, எல்லோரும் கொஞ்சம் இளைத்தது போல நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஜன்னலை ஒட்டிய இரண்டு இடங்களுக்கு மட்டும் எப்போதும் கிராக்கி. காற்று வரும். நிலைக்கண்ணாடியில் தொப்பை முழுசாகத் தெரியாது. அந்த இரண்டில் ஒன்று அவளுடையது. மற்றது அவளுடைய அம்மாவுடையது.

அம்மா வகுப்புக்கு வராமல் பல வாரங்கள் ஆகின்றன. ஆனாலும் தினமும் அவள் தன் விரிப்பைப் போட்டுவிட்டு, பக்கத்தில் அம்மாவின் ஊதா நிற விரிப்பையும் போட்டு, மூலைகளை நீவிவிடுவாள். 'என் இடத்துல வேற யாராவது நின்னா நான் வரவே மாட்டேன் பாப்பா' என்பது அம்மாவின் வார்த்தை. அந்த ஒரு சாக்குக்கு மட்டும் இடம் கொடுத்துவிடக்கூடாது என்பது மகளின் வைராக்கியம்.

மழைக்காலம் வரும்வரை கவலையில்லை. கூடத்தில் இடம் தாராளமாகக் கிடந்தது. இப்போதோ பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தவர்களெல்லாம் மழைக்குப் பயந்து மாடியேறி வந்துவிட்டார்கள்.

"என்னம்மா தகராறு?" பேங்க் மேடம் இடுப்பில் கை வைத்து வந்து நின்றாள். பேங்கில் மேனேஜர். இங்கே நீதிபதி. "தம்பி, நீ புதுசா? இங்க ஒரு சட்டம் இருக்கு. ஒருத்தர் இன்னொருத்தருக்கு ஒரு இடம் பிடிக்கலாம். மேட் போட்டுத்தான் பிடிக்கணும். பாட்டில், துண்டு, சாவியெல்லாம் செல்லாது. டீச்சர் போடற முதல் பாட்டு முடியற வரைக்கும் அந்த இடத்தை யாரும் தொடக்கூடாது. முடிஞ்சதுக்கு அப்புறமும் ஆள் வரலைன்னா..."

"வரலைன்னா?"

"முந்தினவருக்கு."

"அப்ப காத்திருக்கேன்." அவன் சுவரோரம் போய் நின்றுகொண்டான். சாதுவாக... ரொம்பச் சாதுவாக.

முதல் பாட்டு ஆரம்பித்தது. அவள் கைகளை உயர்த்தினாள். பார்வை வாசலில் இருந்தது. இந்தப் பாட்டு எப்போதும் இவ்வளவு சின்னதாகவா இருந்தது? கடைசித் தாளம் விழுந்து அடங்கியது. வாசலில் யாருமில்லை.

பேங்க் மேடம் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் வந்து, அம்மாவின் விரிப்பை மிதிக்காமல், குழந்தையைத் தூக்குவது போல இரு கையாலும் சுருட்டி அவளிடம் நீட்டினான்.

"கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு மழை வரும்னு நானே எதிர்பார்க்கல. இல்லைன்னா பூங்காவுலயே ஓடியிருப்பேன்."

அந்தக் குரல்...

அடடா! இவனா? காலையில் வானொலியில் வருகிற வானிலைக்காரன்! 'பிற்பகலில் வானம் தெளிவாகக் காணப்படும்' என்று இவன் சொன்னதை நம்பித்தானே அம்மா துவைத்த போர்வையைக் கொடியில் போட்டாள்? "படுபாவி, இவன் தெளிவா இருக்கும்னு சொன்னாலே குடையை எடுக்கணும்டீ" என்று வானொலியைப் பார்த்துத் திட்டுவது அம்மாவின் அன்றாடக் காரியம். ஆனால் திட்டி முடித்ததும், "குரல் மட்டும் நல்ல குரல்" என்பாள்.

அவன் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தான். டீச்சர் நிலைக்கண்ணாடியைப் பார்த்தபடி "இடது கை!" என்றாள். கூடமே இடது கையை வீசியது. அவன் மட்டும் வலது கையை வீசினான். அது நேராக அவள் தோளில் வந்து விழுந்தது.

"ஐயோ! ஸாரி... ஸாரிங்க..."

"உங்களுக்கு இடது வலது தெரியாதா?"

"கிழக்கு மேற்கு தெரியும்..."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் நிலைக்கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே அவன் கண்களும் இருந்தன.

அவளுக்குக் கண்கள் புதிதா என்ன? தினமும் எத்தனை ஜோடி... அளவெடுத்து, எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிடுவாள். கண் என்றால் அவளுக்கு வேலை, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்கள்... மழை நின்ற தெருவில் விளக்கு வெளிச்சம் விழுந்து பரவுமே, அப்படி ஈரமாக, எதையும் கூர்ந்து பார்க்காமல், எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது போல... அவள் எண்ணிக்கையைத் தவறவிட்டாள். கூடம் குனிந்தபோது அவள் நிமிர்ந்து நின்றாள்.

ஜன்னலுக்கு வெளியே மழை, தனக்கென்று ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு பெய்தது.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் குடை. மூலையில் சொட்டச் சொட்டச் சாய்ந்திருந்தது.

"அம்மா... நீ வெளிய போனியா?"

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரங்கள்.

"அம்மா!"

"மாடி வரைக்கும் வந்தேன்டீ."

அம்மா தொலைபேசி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். ஆயுள் முழுக்க முகம் தெரியாத குரல்களோடு பேசியவள். அப்பா போன பிறகு வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தவளை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த வகுப்பில் சேர்த்தவள் மகள்தான். அம்மா அங்கே பூத்தாள். எல்லோருக்கும் 'எக்ஸ்சேஞ்ச் அக்கா' ஆனாள். அப்புறம் ஒருநாள் ஒரு சுழற்சியில் கால் பின்னி, கூடத்து நடுவில் தடாலென்று விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. விழுந்த சத்தத்தோடு யாரோ ஒருவர் சிரித்த சத்தமும் கேட்டது. கை கூடிவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் அம்மா காதைவிட்டுப் போகவே இல்லை.

"வந்துட்டு ஏம்மா உள்ள வரல?"

"கதவுக் கண்ணாடி வழியா பாத்தேன். என் இடத்துல ஒருத்தன் தந்திக் கம்பம் மாதிரி நின்னு கையை ஆட்டிக்கிட்டிருந்தான். நீயும் பக்கத்துல சந்தோஷமா சிரிச்சுக்கிட்டிருந்தே. சரி... நமக்கு அங்க இடமில்லைன்னு வந்துட்டேன்."

"அம்மா, அது..."

"விடு பாப்பா. எனக்கும் முட்டி வலிக்குது."

தான் நிலைக்கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரம், அம்மா மழையில் நனைந்து, மாடியேறி, வாசலில் நின்று... திரும்பிப் போயிருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தான் வாசலைப் பார்த்திருந்தால்?

அன்று அவள் சாப்பிடவில்லை. கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல், அதை அந்த வானிலைக்காரன் தலையில் இறக்கினாள். அங்கேதான் இடம் இருந்தது.

*

மறுநாள் அவன் அவளுக்கு நேர் பின்னால் நின்றான். அம்மா இடத்தை, முதல் பாட்டு முடிந்ததும் பூங்கா ஓட்டக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. நிலைக்கண்ணாடி வழியாக, பின்னால் நிற்பவனை முறைப்பதே அவள் வேலையாக இருந்தது. முறைத்தாள். சுட்டெரித்தாள்.

அவன் சிரித்தான்!

இன்னும் பலமாக முறைத்தாள். அவன் வெட்கப்பட்டு, காதோரம் சிவந்து, இன்னும் அழகாகச் சிரித்தான்.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் மடக்கினாள்.

"உங்களுக்கு வெக்கமா இல்ல? ஒரு பொண்ணு மூச்சுவிடாம முறைக்கிறா. நீங்க இளிக்கிறீங்க!"

அவன் அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டினான். அது ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

"முறைச்சீங்களா?"

"பின்ன?"

"கண்ணாடி இல்லைன்னா எனக்கு எல்லாரும் புகை மூட்டம்ங்க. உங்க முகத்துல ஏதோ ஒண்ணு தெரிஞ்சுது. சிரிக்கிறீங்கன்னு நெனச்சு..." அவன் குரல் தேய்ந்தது. "ரெண்டு நாளா அதையே நெனச்சு சந்தோஷமா இருந்தேன்."

வேறொரு நாளாக இருந்திருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று நெஞ்சில் அம்மாவின் குடை சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க நின்ன இடம் எங்கம்மாவோடது. விழுந்ததுக்கு அப்புறம் வீட்டைவிட்டு நகராதவங்க, அன்னிக்குத்தான் முதல் தடவையா மழையில படியேறி வந்தாங்க. வாசல்ல நின்னு பாத்தாங்க. அவங்க இடத்துல நீங்க. அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. போதுமா? இப்ப சிரிங்க!"

அவன் சிரிக்கவில்லை. முகம் தண்ணீரில் விழுந்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்கவில்லை. தடதடவென்று படியிறங்கி மழைக்குள் போய்விட்டாள்.

பாதித் தெருவில்தான் தோன்றியது... அவன் பாவம், சட்டப்படிதானே நின்றான்?

தோன்றியதை அவள் உடனே துடைத்துப் போட்டாள்.

*

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயம். கடையில் பிள்ளைகள் கூட்டம். கண்ணாடிச் சட்டத்தை உடைத்துக்கொண்டு வந்தவர்கள், வில்லையைக் கீறிக்கொண்டு வந்தவர்கள், பெஞ்சிலேயே மறந்துவிட்டு வந்தவர்கள்... அவளால் வகுப்புக்குப் போகவே முடியவில்லை. அம்மாவின் ஊதா விரிப்பு அலமாரிக்குள் சுருண்டு கிடந்தது.

ஒருநாள் மட்டும் தப்பித்து ஓடினாள். படியேறும்போதே முதல் பாட்டு முடிந்து இரண்டாவது கேட்டது. மூச்சிரைக்க, கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

ஜன்னலோரம். அம்மாவின் இடம். அதில் அவன்!

இவ்வளவு சொன்ன பிறகுமா? கண் கலங்கியது. கதவைத் திறக்கக் கை போகவில்லை. திரும்பி, வந்த வழியே இறங்கிவிட்டாள். அம்மா இறங்கிய அதே படிகளில், அதே கோபத்தோடு, அதே போல ஒரு வார்த்தையும் கேட்காமல்...

பேங்க் மேடம் கண்ணாடிக் கடைக்கு வந்தது அதற்கு மறுநாள்.

"மூக்குல அழுத்துதும்மா, கொஞ்சம் தளர்த்திக் குடு. ஏன் கிளாஸுக்கு வர்றதில்ல? உன்னால அந்தத் தம்பி படற பாடு தாங்கல."

"எந்தத் தம்பி?"

"வானிலைதான்! உங்கம்மா இடத்தை யாருக்கும் விட மாட்டேங்கறான். மேட் போட்டு வெச்சா, பாட்டு முடிஞ்சதும் இடம் போயிடும். ஆள் நின்னாத்தானே போகாது? அதனால அவனே நிக்கறான். கதவு திறக்கற சத்தம் கேட்டாப் போதும், மேட்டைச் சுருட்டிக்கிட்டு பின்னாடி தூண் மறைவுக்கு ஓடிடறான். வர்றது யாருன்னு கண்ணு தெரியாதாம். எக்ஸ்சேஞ்ச் அக்காவா இருந்தா என்ன பண்றதுன்னு பயமாம்."

அவள் கையிலிருந்த சின்னத் திருப்புளி நின்றது.

"முந்தாநாள் தண்ணி கேன் போட வந்தவருக்கே இடத்தை விட்டுட்டு ஓடினான். அந்த ஆளு கேனோட நின்னு முழிக்கிறாரு, 'வாங்கம்மா, உங்க இடம்தான்'ங்கறான்!"

பேங்க் மேடம் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள். "அன்னிக்கு சிரிச்சது... நான்தான் கண்ணு. பயந்தா எனக்குச் சிரிப்பு வந்துடும். சாவு வீட்டுலகூட வந்திருக்கு. வந்து சொல்லணும்னு தினமும் நெனைக்கறேன். எந்த முகத்தோட வர்றது?"

அவள் கண்ணாடியைச் சரிசெய்து மேடத்தின் மூக்கில் மாட்டினாள். மாட்டியது நேராகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் எல்லாம் கலங்கித் தெரிந்தது.

"அந்தத் தம்பியோட கண்ணாடியும் கோணிக்கிட்டு நிக்குது," என்றபடி பேங்க் மேடம் எழுந்தாள். "அனுப்பி வைக்கறேன்."

*

அவன் வந்தபோது கடையில் யாருமில்லை. மழை மட்டும் ஷட்டருக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தது.

"பேங்க் மேடம் சொன்னாங்க... பின்னால பட்டி போட்ட கண்ணாடி கிடைக்குமாமே, குதிச்சாலும் விழாதாம்..."

"உக்காருங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தாள். அதை விட்டுவிட்டு, அளவுகோலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க. என் இடது கண்ணைப் பாருங்க."

பார்த்தான்.

"இப்ப வலது கண்ணு."

பார்த்தான். தினமும் சொல்கிற வார்த்தைதான். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அலுப்போடு சொல்கிற வார்த்தை. இன்று ஏன் குரல் நடுங்குகிறது? அளவுகோல் அவன் புருவத்தைத் தொட்டது. அவன் மூச்சு அவள் மணிக்கட்டைத் தொட்டது. இமைக்காதீர்கள் என்று சொல்ல நினைத்தாள். இமைக்காமல்தான் இருந்தான்.

"இப்ப நான் எப்படித் தெரியறேன்?" கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது.

"இவ்வளவு கிட்டத்துல... கொஞ்சம் தெரியுது. முறைக்கற மாதிரி தெரியல..."

"மூக்கைச் சுருக்காதீங்க. அளவு மாறும்."

அளவு ஏற்கெனவே மாறித்தான் போயிருந்தது. மூன்று தடவை எடுத்தாள். மூன்றும் வேறு வேறாக வந்தன.

"அம்மா வருவாங்களா?" அவன் மெதுவாகக் கேட்டான்.

"தெரியல." அவள் தலை கவிழ்ந்தாள். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. நீங்க அந்த இடத்துல நிக்கறதை நானும் வாசல்ல இருந்து பாத்துட்டு, கேக்காமலே போயிட்டேன். எங்க வீட்டு வழக்கம் போல இருக்கு."

"என் மேலயும் தப்பு இருக்கு. கதவு திறக்காமலே ஆள் வந்துட்டுப் போவாங்கன்னு எனக்குத் தோணல."

"அம்மா இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல. காலையில உங்க குரலோட மட்டும் சண்டை போடுவாங்க."

"என் குரலோடயா?"

"ஒரு போர்வை பாக்கி இருக்கு உங்க பேர்ல."

போர்வைக் கதையைச் சொன்னாள். அவன் சிரித்தான். இந்தத் தடவை அவளும் மறைக்காமல் சிரித்தாள். ஷட்டருக்கு வெளியே மழை கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டது... ஒட்டுக் கேட்பது போல.

*

சில நாள் கழித்து, ஒரு காலை. அம்மா வழக்கம் போல வானொலியின் காதைத் திருகினாள்.

"...மாலையில் மழைக்கு வாய்ப்பில்லை. வெளியே போகலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்கள் தாராளமாகக் கிளம்பலாம். படியேறி வந்துவிட்டு, வாசலோடு திரும்ப வேண்டாம். ஜன்னலோர இடம் காலியாக இருக்கிறது. காற்று நன்றாக வருகிறது. வணக்கம்."

அம்மா கையில் பிழிந்த துணியோடு நின்றாள்.

"இது என்னடீ வானிலை? எந்த ஊர்ல ஜன்னலோர இடத்தைப் பத்தி அறிக்கை வாசிக்கறாங்க?"

அவள் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பாப்பா... என்னைப் பாரு. இவன் யாரு?"

"அந்தத் தந்திக் கம்பம்மா."

அம்மா ஈரத் துணியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் கேன்காரர் வரைக்கும். பேங்க் மேடத்தின் சிரிப்பு வரைக்கும். நிலைக்கண்ணாடியில் பார்த்த கண்களை மட்டும் சொல்லவில்லை. அம்மா குரல்களைக் கேட்டே வாழ்ந்தவள். சொல்லாததும் அவள் காதில் விழுந்தது.

"அந்தப் பையன் மேல தப்பில்ல," என்றாள் அம்மா. "அவன் நிக்கலைன்னா, ஃபேன் ஓடலைன்னு திரும்பியிருப்பேன். எனக்கு ஒரு சாக்கு வேணும்டீ. பயமா இருந்துது... திரும்ப விழுந்துடுவேனோன்னு."

"விழுந்தா நான் பக்கத்துல இருக்கேன்லம்மா."

"அன்னிக்கும் பக்கத்துலதானே இருந்தே?"

"அன்னிக்கு ஒருத்திதான் இருந்தேன்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா புருவத்தை மட்டும் உயர்த்தினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

*

மாலையில் மழை கொட்டியது.

அவள் இரண்டு விரிப்புகளையும் போட்டாள். ஊதாவின் மூலைகளை நீவிவிட்டாள். கூடம் நிரம்பி வழிந்தது. பின்னால் தூண் பக்கத்தில் அவன், தலையைச் சுற்றிப் பட்டி கட்டிய புதுக் கண்ணாடியோடு, நீச்சலுக்குத் தயாரானவன் போல நின்றான். நிலைக்கண்ணாடியில் அவள் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த கவலை இந்தத் தடவை அவனுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் பாட்டு ஆரம்பித்தது. வாசல்... யாருமில்லை. பாட்டு பாதியைத் தாண்டியது. 'மழை வராதுன்னு சொன்னியேடா பாவி... இந்த மழையில அம்மா எப்படி வருவா?' விரிப்பு இல்லாத ஒரு பெண் ஊதா விரிப்பின் ஓரம் வந்து தயாராக நின்றாள். கடைசித் தாளம் விழுந்தது. அந்தப் பெண் குனிந்தாள்.

"டீச்சர்!"

பேங்க் மேடத்தின் குரல். சட்டத்தை எவருக்காகவும் வளைக்காத குரல்.

"அந்த முதல் பாட்டை இன்னொரு தடவை போடுங்க. எனக்கு முட்டி இன்னும் சூடேறல."

"மேடம், ரூல்..." என்று இழுத்தாள் டீச்சர்.

"முதல் பாட்டு முடியற வரைக்கும்தான் ரூல். இன்னும் முடியல. போடுங்க!"

டீச்சர் பார்த்தாள். ஜன்னலோரம் கிடந்த ஊதா விரிப்பைப் பார்த்தாள். பாட்டைத் திரும்பவும் போட்டாள். கூடம் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கைகளைத் தூக்கியது.

அந்தப் பாட்டும் கரைந்துகொண்டே வந்து, கடைசி வரியைத் தொடும்போது... கதவு திறந்தது.

தலையிலிருந்து கால்வரை நனைந்து, குடையைக் கம்பு மாதிரி பிடித்துக்கொண்டு, அம்மா.

"மழை வராதுன்னு சொன்னவன் எங்கே?"

கூடம் சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். தூணருகே ஒரு கை மெல்ல உயர்ந்தது.

"குரல் நல்ல குரல்தான் தம்பி. வேலையைத்தான் மாத்திக்கணும்!"

அம்மா நடந்து வந்து தன் விரிப்பின் மேல் நின்றாள். பேங்க் மேடம் ஒரு துண்டை எடுத்து வந்து அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துவட்டி முடிக்கும்போது யார் கண்ணில் மழை, யார் கண்ணில் வேறு என்று சொல்ல முடியவில்லை.

சுழற்சி வந்தபோது அம்மா ஒரு கணம் தயங்கினாள். மகளின் கை நீண்டது. பிடித்துக்கொண்டு சுற்றினாள். கொஞ்சம் தள்ளாடினாள். விழவில்லை.

*

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கீழே அம்மாவும் பேங்க் மேடமும் பேசுகிற சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வந்தது. ஒருவரையொருவர் குறுக்கிட்டு, பல வாரத்துப் பேச்சு.

அவள் ஜன்னலோரம் நின்று விரிப்புகளைச் சுருட்டினாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான். வெளியே மழை ஓய்ந்து, கூரை விளிம்பில் மட்டும் துளிகள் முறை வைத்து விழுந்துகொண்டிருந்தன.

"உங்க அறிக்கை பொய்யாப் போச்சு," என்றாள்.

"பாதி பொய்தான். ஜன்னலோர இடம் காலியாத்தானே இருந்துது?"

"ஆபீஸ்ல திட்டலையா?"

"திட்டினாங்க. இனிமே எழுதிக் குடுத்ததை மட்டும்தான் வாசிக்கணுமாம்." அவன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "இன்னிக்குத்தான் உங்களை முழுசா பாத்தேன். கவலைப்பட்டீங்க, பயந்தீங்க, அம்மா வந்ததும் உதடு நடுங்கிச்சு, அப்புறம் சிரிச்சீங்க. எல்லாம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சு?"

"புகை மூட்டத்துல பாத்தப்ப, இந்த முகம் என்னைப் பாத்து சிரிச்சா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தாலும் அதேதான் தோணுது. சிரிக்காம முறைச்சாலும் பரவாயில்ல... தினமும் பாக்கணும்." அவன் நிறுத்தினான். "எனக்கு வானிலை சொன்னா தப்பாப் போகும். இது தப்பாப் போகக்கூடாதுன்னு இருக்கு."

ஒரு துளி விழுந்தது. இன்னொன்று...

அவள் ஊதா விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் கண்களை நிலைக்கண்ணாடியில் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தாள்.

"நாளைக்கு எனக்குக் கடையில வேலை இருக்கு. லேட்டாகும்."

"ம்..."

"ஒருத்தர் ஒருத்தருக்குத்தான் இடம் பிடிக்கலாம். அம்மா இடத்தை இனிமே அம்மாவே பாத்துக்குவா. எனக்கு நீங்க பிடிங்க."

அவன் முகம் முழுக்க வெளிச்சம் பரவியது. "எது வரைக்கும்? முதல் பாட்டு முடியற வரைக்குமா?"

"முடிஞ்சாலும் விடாதீங்க..."

"அடியே பாப்பா!" கீழே அம்மா கூப்பிட்டாள். "அந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு வா. போர்வைக் கணக்கு பாக்கணும்!"

அவள் சிரித்துக்கொண்டே படியிறங்க ஓடினாள். பாதியில் அவன் குரல் பிடித்து நிறுத்தியது.

"ஒரு சந்தேகம்! அப்ப எனக்கு யார் இடம் பிடிச்சு வைப்பாங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மழையில் கழுவிய கண்கள்.

"அதை நான் எப்பவோ பிடிச்சு வெச்சாச்சு... வாங்க."